சர்க்கரையின் மீது ஒரு பொய்வழக்கு

பியரை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. கடையில் வாங்கிய டப்பாவிலுள்ள மால்ட் பாகுடன் ஒரு கிலோ சர்க்கரையைச் சேர்ப்பதா, அந்தச் சர்க்கரையின் இடத்தில் இன்னும் கொஞ்சம் மால்ட்டையே சேர்ப்பதா என்பதே அது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதைப் பற்றிப் பேசுவோர், தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்ற தோரணையில்தான் பேசுகிறார்கள். மால்ட் தூயது, சர்க்கரை கலப்படம். மால்ட் சேர்ப்பவன் கலைஞன். சர்க்கரை சேர்ப்பவன் கஞ்சன், இல்லையேல் வெறும் போதைக்கு அலைபவன். இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே என் தரப்பு. சர்க்கரைமீது சுமத்தப்பட்டிருக்கும் குற்றம் அது செய்ததல்ல. அதைச் சுமத்தியவர்களுக்கோ ஒவ்வொரு காலத்திலும் வேறு கணக்குகள் இருந்தன.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று புருவம் உயர்த்தும் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். மொழியில், இசையில், சமையலில், சாதியில் என்று எங்கு திரும்பினாலும் 'தூய்மை' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம். அச்சொல் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சட்டமாகிறது, கடைசியில் எப்படி நாக்கின் ருசியாகவே மாறிவிடுகிறது என்பதைப் பார்க்க, நமக்குப் பெரிய பற்றோ பகையோ இல்லாத ஒரு பண்டம் உதவும். மற்றபடி இது செய்முறைக் குறிப்பன்று. தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

1

முதலில் வாதி, பிரதிவாதி யார் என்று பார்ப்போம். பார்லியை நனைத்து, முளைவிட்டதும் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதை நொறுக்கி ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. வடித்தெடுத்த அந்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் சில நாட்களில் பியர். பெரிய பாத்திரங்களும் ஒரு முழு நாளும் இல்லாதவர்களுக்காக, ஆலைகள் இந்த இனிப்பு நீரிலிருந்து குறைந்த அழுத்தத்தில் நீரை ஆவியாக்கிவிட்டுப் பாகாகவோ பொடியாகவோ விற்கின்றன. இதுவே மால்ட் எக்ஸ்ட்ராக்ட். இக்கட்டுரையில் மால்ட் பாகு, மால்ட் பொடி என்று எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் நிறுவனத்தின் டப்பா 1.7 கிலோ. அதனுடன் ஒரு கிலோ சர்க்கரையும் நீரும் சேர்த்து 23 லிட்டர் ஆக்குவது இந்த வகை டப்பாக்களின் புகழ்பெற்ற வாய்பாடு.

ஆக, வழக்கின் இரு தரப்பும் ஆலையில் பிறந்தவைதாம். ஒன்று கரும்பு அல்லது பீட் கிழங்கின் சாற்றை வற்றவைத்தது. மற்றொன்று பார்லியின் சாற்றை வற்றவைத்தது. இதில் ஒன்றை மட்டும் 'இயற்கை' என்று வணங்குவதற்கு என்ன நியாயம் என்று கேட்டால், உடனே ஓர் ஆண்டைச் சொல்வார்கள்: 1516.

2

அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று, இங்கோல்ஷ்டாட் நகரில், பவேரியாவின் பிரபுக்களான நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லூட்விக்கும் ஓர் ஆணை பிறப்பித்தார்கள். பியரில் பார்லி, ஹாப்ஸ், நீர் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றது அது. உலகெங்குமுள்ள தூய்மைவாதிகளின் வேதவாக்கு இதுதான். ஆனால் அவ்வாணையின் பெரும்பகுதி பேசுவது தூய்மையைப் பற்றியல்ல, விலையைப் பற்றி. எந்தப் பருவத்தில் பியரை என்ன விலைக்கு விற்கலாம் என்பதைப் பற்றி. 'தூய்மை ஆணை' என்ற பெயரே அதற்கு இருபதாம் நூற்றாண்டில் வந்தது. 1918இல் பவேரியச் சட்டமன்றத்தில் ஒலித்த சொல் அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1516இல் ஐரோப்பாவில் சர்க்கரை என்பது மருந்துக்கடையில் நிறுத்து விற்கப்பட்ட விலையுயர்ந்த சரக்கு. பீட் கிழங்கில் சர்க்கரை உண்டு என்று மார்க்கிராஃப் காட்டியதே 1747இல்தான். பியரில் அதைக் கொட்டும் பைத்தியக்காரன் எவனும் அன்று இருந்திருக்க முடியாது. எனவே அதைத் தடுக்கும் நோக்கமும் அந்த ஆணைக்கு இருந்திருக்க முடியாது. அது உண்மையில் ஒதுக்கி வைத்த முக்கியமான பொருள் கோதுமை. ரொட்டிக்கான தானியம் பியருக்குப் போய்விடக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சரி, அந்தக் கோதுமை பியர் பின்னர் என்ன ஆயிற்று? பிரபு குலம் அதைச் சலுகையாகக் கொடுத்தது. பிறகு 1602இல் முதலாம் மாக்சிமிலியன் அந்த உரிமையைத் தன் குடும்பத்துக்கே திரும்ப எடுத்துக்கொண்டு ஏகபோகமாக்கினார். ஊருக்கு விலக்கான தானியம் அரண்மனைக்கு வருமானமாயிற்று. தூய்மையின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

தூய்மையின் தாயகமாகிய ஜெர்மனியிலேயே, மேல்மட்டத்தில் நொதிக்கும் வகைப் பியர்களுக்குச் சர்க்கரை சேர்க்கச் சட்டம் அனுமதி தந்தே வந்திருக்கிறது. பவேரியர்கள் மட்டுமே அதற்கும் இடம் கொடுக்காத கறார்க்காரர்கள். பிற நாட்டுப் பியர்களை இந்தச் சட்டத்தைக் காட்டி ஜெர்மனி தடுத்தபோது, அது சந்தைக்குப் போட்ட வேலிதான் என்று 1987இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

3

பிரிட்டனின் கதை வேறு வகை. அங்கே நீண்ட காலம் அரசின் வருமானம் மால்ட் வரியில் இருந்தது. சர்க்கரை சேர்த்தால் வரி குறையும். எனவே சர்க்கரை குற்றம். 1847இல் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியையே ஒழித்து, நொதிக்குமுன் உள்ள இனிப்பு நீரின் அடர்த்தியை அளந்து வரி போடத் தொடங்கினார். இனிப்பு எதிலிருந்து வந்தால் அரசுக்கு என்ன? மறுநாளே சர்க்கரை குற்றம் நீங்கிப் புனிதமடைந்தது. ஒரே பொருள், ஒரே நாடு. வரிப்படிவம் மாறியதும் ஒழுக்கமும் மாறியது.

இதனால் நட்டப்பட்டவர்கள் பார்லி விவசாயிகள். அவர்களது மாவட்டமான சஃபோக்கிலிருந்து நாடாளுமன்றம் சென்ற கத்பர்ட் குயில்ட்டர் 'தூய பியர்' மசோதாவை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். விவசாயியின் வயிற்றுப்பாடு நியாயமான கோரிக்கைதான். ஆனால் 'எங்கள் பார்லியை வாங்குங்கள்' என்று கேட்பதற்குப் பதிலாக 'சர்க்கரை பியரைக் கெடுக்கிறது' என்று பேசியபோது, ஒரு சந்தைக் கோரிக்கை ருசியின் சட்டமாக உடை மாற்றிக்கொண்டது.

இந்த நேரத்தில்தான், 1900இல், மான்செஸ்டரில் அந்தப் பெருந்துயரம் நடந்தது. கை கால் மரத்து, தோல் கறுத்து, நடக்க முடியாமல் ஏழைகள் மருத்துவமனைக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். அளவுக்கு மீறிய குடியின் விளைவு என்றே முதலில் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். எர்னெஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர்தாம் அது ஆர்சனிக் நஞ்சு என்றும், வந்த வழி பியர் என்றும் கண்டார். மாவுச்சத்தையும் கரும்புச் சர்க்கரையையும் கந்தக அமிலத்தால் உடைத்துக் 'காய்ச்சும் சர்க்கரை' தயாரித்த ஓர் ஆலைக்கு வந்த அமிலத்தில் ஆர்சனிக் இருந்தது. 6,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். குறைந்தது 70 பேர் இறந்தனர்.

தூய்மைவாதிகள் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆனால் கெல்வின் பிரபுவின் தலைமையில் அமைந்த அரச ஆணையம் தோண்டத் தோண்ட, வேறொன்றும் வெளிவந்தது. நிலக்கரியும் கோக்கும் எரித்து அந்தப் புகையிலேயே உலர்த்திய மால்ட்டிலும் ஆர்சனிக் இருந்தது. சர்க்கரை துளியும் சேராத 'தூய' பியரில்கூட அது இருக்கக்கூடும். ஆணையத்தின் விடை, சர்க்கரையைத் தடை செய் என்பதாக இல்லை. உணவுப் பொருள் எதுவானாலும் ஆர்சனிக்குக்கு வரம்பு வை, சோதனை செய் என்பதாக இருந்தது. பொருளின் குலத்தைப் பார்க்காதே, அதில் என்ன இருக்கிறது என்று பார். இந்த வழக்கில் நான் படித்த மிக அறிவார்ந்த வாக்கியம் இதுதான் என்று சொல்வேன்.

4

இனி ருசிக்கு வருவோம். 'சர்க்கரை சேர்த்தால் பியர் ஆப்பிள் மது போலப் புளிக்கும்' என்பது வீட்டுக் காய்ச்சலில் கிளிப்பிள்ளைப் பாடம். இதைச் சோதித்துச் சொன்னவர்களைவிடக் கேட்டுச் சொன்னவர்களே அதிகம்.

சுக்ரோஸ் என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பிணைந்தது. ஈஸ்ட் தன் இன்வர்டேஸ் நொதியால் அந்தப் பிணைப்பை அறுத்து இரண்டையும் ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. மால்ட்டில் பெரும்பகுதி மால்ட்டோஸ். அதோடு ஈஸ்ட்டால் தொட முடியாத டெக்ஸ்ட்ரின்களும் உண்டு. நாவில் பியருக்கு ஒரு கனத்தைத் தருவதில் அவற்றுக்குப் பங்குண்டு. மால்ட்டில் ஈஸ்ட் வளரத் தேவையான அமினோ அமிலங்களும் உண்டு. வெள்ளைச் சர்க்கரையில் அவை அறவே இல்லை. ஆகவே சர்க்கரை மிகுந்தால் பியர் மெலியும், வறளும், ஈஸ்ட் பட்டினி கிடந்து சில வேண்டாத மணங்களை விட்டுச்செல்லும். இவையெல்லாம் உண்மை. இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பச்சை ஆப்பிள் வாடை? அது அசெட்டால்டிஹைட் என்னும் பொருளின் மணம். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் வழியில் உண்டாகும் இடைப்பொருள் அது. ஈஸ்ட் போதாமலோ பழையதாகவோ இருந்தால், வெப்பம் கட்டுக்கடங்காமல் போனால், நொதித்து முடியுமுன் அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால், அந்த இடைப்பொருள் தங்கிவிடும். டப்பாவின் மூடிக்கடியில் மாதக்கணக்கில் கிடந்த சில கிராம் ஈஸ்ட், கடை அலமாரியில் கறுத்துப் பழுத்த பாகு, கோடைக்கால அடுக்களையின் வெக்கை, பொறுமையின்மை. இந்த நால்வரும் செய்த குற்றத்துக்குச் சர்க்கரை தண்டனை அனுபவிக்கிறது. இதே நால்வர் கூட்டணியோடு முழு மால்ட்டில் காய்ச்சிப் பாருங்கள்; அதே ஆப்பிள் வாடை கனமான பியரில் வரும், அவ்வளவுதான்.

சர்க்கரை பியரின் எதிரி என்பவர்கள் பெல்ஜியத்துக்கு ஒருமுறை போய் வரவேண்டும். வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகள் 1934 முதல் வழங்கும் டிரிப்பெல், 9.5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பொன்னிறப் பியர். அதன் சேர்மானத்தில் சர்க்கரை உண்டு, அதை அவர்கள் மறைப்பதுமில்லை. டூவெல் பியரிலும் டெக்ஸ்ட்ரோஸ் உண்டு. அத்தனை வலிமையை மால்ட்டிலிருந்தே எடுத்திருந்தால் பாகு போலத் தொண்டையில் ஒட்டும். சர்க்கரை சேர்வதனால்தான் அது உலர்ந்து, லேசாகி, இரண்டாவது மிடறைக் கேட்கிறது. இங்கே சர்க்கரை மலிவுக்காக வந்த மாற்றாள் இல்லை. வேறெந்தப் பொருளாலும் செய்ய முடியாத வேலைக்காக அழைக்கப்பட்ட கைவினைஞர்.

5

அப்படியானால் டப்பாவின் வாய்பாட்டை நான் ஆதரிக்கிறேனா? இல்லை. அங்கேதான் என் கோபத்தின் மறுபாதி இருக்கிறது.

கணக்குப் போடுவோம். 1.7 கிலோ பாகும் 1 கிலோ சர்க்கரையும் 23 லிட்டரில் கரைந்தால், அடர்த்தி ஏறத்தாழ 1.039. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரையின் கொடை. ஆனால் சர்க்கரை முழுவதும் நொதிக்கும், மால்ட் ஒரு பகுதி மீதம் நிற்கும் என்பதால், கிடைக்கும் ஆல்கஹாலில் பாதிக்குச் சற்று மேல் சர்க்கரையிலிருந்தே வருகிறது. பெல்ஜியர்கள் பொதுவாக மொத்தத்தில் பத்திலிருந்து இருபது விழுக்காடு சர்க்கரை சேர்க்கிறார்கள். அதுவும் வலிமையான பியரில். மெலிந்த சாதாரணப் பியரில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கொட்டச் சொல்வது ருசியின் கணக்கன்று. டப்பா சிறியதாக இருக்கவேண்டும், விலை குறைவாகத் தெரியவேண்டும், மீதியை வாங்குபவர் தன் அடுக்களையிலிருந்தே போட்டுக்கொள்ள வேண்டும் என்கிற விற்பனைக் கணக்கு.

விளைவு என்ன? ஆசையோடு முதல்முறை காய்ச்சியவர் தண்ணீர் போன்ற ஒன்றைக் குடித்துவிட்டு, தன் கைக்கு இது வராது என்று வாளியைப் பரணில் போடுகிறார். போகாதவர் தூய்மைவாதியின் கையில் சிக்குகிறார். 'சர்க்கரைதான் குற்றவாளி, முழுக்க மால்ட்டே வாங்கு' என்ற உபதேசம் கிடைக்கிறது. அந்த மால்ட் பொடியை விற்பதும் பெரும்பாலும் அதே கடைதான். முதலில் அளவைச் சொல்லாமல் விற்றது. பிறகு அளவைச் சொல்லாமலே பயமுறுத்தி விற்கிறது. 'எவ்வளவு' என்ற ஒரே கேள்வியை இரு தரப்புமே சேர்ந்து மறைத்துவிட்டன.

இதில் வர்க்க ஏளனம் ஒன்றும் கலந்திருக்கிறது. 1963இல் ரெஜினால்ட் மாட்லிங், வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை நீக்கினார். அதன்பின் பிரிட்டனில் பரவிய இந்தக் கலை, மதுக்கடை விலை கட்டாதவர்களின் கலையாகவும் இருந்தது. மால்ட் விலைக்குச் சர்க்கரை மலிவு என்பதால் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. ரொட்டி செய்ய என்ற பெயரில் விற்ற மால்ட் பாகையும் சர்க்கரையையும் வைத்துத் தாத்தாக்கள் ரகசியமாகக் காய்ச்சினார்கள். ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டுக் காய்ச்சல் நடுவண் சட்டப்படி குற்றமற்றதானபோது, புதிய ஆர்வலர்கள் முதலில் உதற விரும்பியது அந்தத் தாத்தாவின் புட்டியை. 'நாங்கள் சர்க்கரை சேர்ப்பதில்லை' என்பது செய்முறை விளக்கமாகத் தொடங்கவில்லை. 'நாங்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்லர்' என்ற அறிவிப்பாகத் தொடங்கியது. பொருளைப் பழிப்பதன் மூலம் அதைப் பயன்படுத்துபவரைப் பழிப்பது, தமிழ் வாசகர்களுக்குப் புதிய உத்தியன்று.

6

சர்க்கரைமீது வழக்கே இல்லையா என்றால், இருக்கிறது. பிரிட்டன் பியரில் சர்க்கரையை அனுமதித்த 1847இல், அந்நாட்டுச் சந்தைக்குச் சர்க்கரை அனுப்பிய மொரீஷியஸ் தோட்டங்களில் யார் கரும்பு வெட்டினார்கள்? அடிமைமுறை ஒழிந்தபின் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் அவர்களுள் அடக்கம். நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களின் கதையும் இதுவே. பிஜித் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடிய பாட்டை அறியாத தமிழர் இல்லை. சர்க்கரை கூண்டில் ஏறவேண்டிய நீதிமன்றம் அதுதான். அங்கே அதற்குப் பதில் இல்லை.

ஆனால் தூய பியர் பேசிய கனவான்களின் வாதங்களில் இந்தக் கரும்பு வெட்டியவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்குச் சர்க்கரையின் பாவம் பியரின் நுரையைக் கெடுத்ததுதான். உண்மையான குற்றத்தைக் காணாமல் போகச் செய்வதற்குப் பொய்க்குற்றத்தைப் போல் உதவுவது வேறில்லை.

7

எனவே, செய்யவேண்டியது என்ன? சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருந்துகொண்டு காய்ச்சும் நண்பர்களுக்கு என் பரிந்துரை எளியது. சாதாரணப் பியரானால் அந்த ஒரு கிலோவில் பெரும்பகுதியை மால்ட் பொடியாக மாற்றுங்கள். முழுவதும் மாற்றினால் கனம் கூடும். ஆல்கஹால் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம், அதில் அறம் எதுவுமில்லை. வலிமையான, உலர்ந்த பியர் வேண்டுமானால் தயங்காமல் சர்க்கரை சேருங்கள். வெள்ளைச் சர்க்கரையே போதும். இரண்டுக்கும் முன்னால், புதிய ஈஸ்டுக்கும் புதிய பாகுக்கும் செலவழியுங்கள், வெப்பத்தை 18 முதல் 20 பாகைக்குள் வையுங்கள், காத்திருங்கள்.

இன்னும் நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. ஒரே நாளில், ஒரே ஈஸ்ட்டில், ஒரே வெப்பத்தில் இரண்டு வாளி காய்ச்சுங்கள். ஒன்றில் மொத்தத்தில் பதினைந்து விழுக்காடு சர்க்கரை, மற்றதில் முழுக்க மால்ட். நொதித்து முடிந்தபின் இரண்டின் வலிமையும் ஒத்துவருமாறு தொடக்கத்திலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து மூன்று கோப்பைகளில் ஊற்றுங்கள். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. எந்தக் கோப்பை வேறு என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லவேண்டும். ஒருமுறை சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம், பலமுறை சொல்லவேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு, அதன்பின் எது மேலானது என்றும் சொல்பவரோடு நான் மகிழ்ச்சியாக வாதாடுவேன். அவர் தன் நாவைக்கொண்டு பேசுகிறார். 1516 என்று தொடங்குபவரோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. அவர் பியரைப் பற்றிப் பேசவில்லை.